பின்சீட்டுக்கும் ஏசி

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

தாளில் ஒரே ஒரு வரைபடம். அறுபத்திரண்டு டிகிரியில் தொடங்கும் கோடு சரசரவென்று இறங்கி இருபத்தைந்தைத் தொடுகிறது.

ஒன்பது நிமிடம் பத்து விநாடி.

அவர்கள் இதுவரை செய்த எந்தச் சின்னக் காரிலும் பின்சீட்டு இவ்வளவு சீக்கிரம் குளிர்ந்ததில்லை.

திட்டத் தலைவர் தாளை எடுத்துக்கொண்டார். "கருவியெல்லாம் சரியாத்தான் ஓடியிருக்கு. இந்த ரீடிங் செல்லும்."

அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நான்கு வருட வேலை. ஐந்து பேர் போகிற குடும்பக் கார். சின்ன எஞ்சின். முன்னால் இருக்கும் இரண்டு பேரைக் குளிர்விப்பதற்குள்ளேயே அதற்குத் திணறல். பின்சீட்டுக்கும் ஏசி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற இன்ஜினியர் அவள்தான். முன்சீட்டுகளுக்கு அடியில் காற்றுக்குழாயைக் கொண்டுபோனாள். வளைவை மாற்றினாள். குழாயின் வாயை அகலமாக்கினாள். மறுபடி வளைவை மாற்றினாள்.

ஒவ்வொரு முறையும் உள்ளே உட்கார்ந்து பார்த்துச் சொன்னவர் தணிகாசலம். சோதனை ஓட்டுநர். அரக்கோணத்துக்காரர். நாற்பத்தெட்டு வயது.

"முன்னாடி ஊட்டி. பின்னாடி இன்னும் வேலூர்தான் மேடம்" என்பார்.

மே மாதம், வேலூருக்கு வெளியே ஒரு பொட்டலில் வெயில் சோதனை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் காரைக் காயவிடுவார்கள். பிறகு அவர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஏசியைப் போடுவார். சீட்டுகளில் பொருத்திய கருவிகள் சூட்டைக் குறித்துக்கொண்டே வரும். அவள் பந்தலில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பாள்.

பத்து நிமிடத்துக்குள் பின்சீட்டு இருபத்தைந்து டிகிரிக்கு வர வேண்டும்.

பதினொன்றரை. பதினொன்று. பத்தே முக்கால்.

ஆறாம் நாள், இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் நெஞ்சை அடைக்குது மேடம். மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்கலாமா?"

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அன்று காலைதான் குழாயை மாற்றிய இன்னொரு கார், வெயிலில் காய்ந்து தயாராக நின்றது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அண்ணா."

அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். ஏறினார்.

கோடு இறங்கத் தொடங்கியது. அவள் கண்ணை எடுக்கவில்லை. நாற்பது. முப்பத்தைந்து. முப்பது.

ஒன்பது நிமிடம் பத்து விநாடியில் இருபத்தைந்தைத் தொட்டதும் எழுந்து நின்று கைதட்டினாள். காரைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அவர் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தார்.

முதல் மூன்று நான்கு நிமிடங்களிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

கையெழுத்துப் போட்ட மேஜையில் போன் அடித்தது. வரவேற்பறையிலிருந்து.

"மேடம், தணிகாசலம் சார் வீட்லேர்ந்து வந்திருக்காங்க. அவர் சாமானை வாங்கிக்க. உங்களையும் பாக்கணுமாம்."

இறங்கிப் போனாள்.

தணிகாசலத்தின் மனைவி குமுதா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. அதிலிருந்து துண்டின் ஓரம் வெளியே தெரிந்தது. எதிர்ச்சுவரில் நேற்றுதான் மாட்டிய விளம்பரப் படம். வெள்ளைக் கார், பின்சீட்டில் மூன்று பிள்ளைகள், எல்லோருக்கும் சிரிப்பு.

"இந்த வண்டிதானா மேடம்?"

"ஆமாம்."

"வீட்ல உங்களைப் பத்திப் பேசுவாரு. வண்டியைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டாரு. ரகசியமாம். பசங்க கெஞ்சுவாங்க, கலரையாவது சொல்லுப்பான்னு."

குமுதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"வேலைன்னு இறங்கிட்டா அவருக்கு நிறுத்தத் தெரியாது. நீங்க போதும்னுதான் சொல்லியிருப்பீங்க. அவரு கேட்டிருக்க மாட்டாரு."

இப்போதும் அவள் "ஆமாம்" என்றாள்.

குமுதா எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க."

போய்விட்டாள்.

அவள் மாடிப்படியில் மூன்று படி ஏறினாள். நாலாவது படியில் கால் வைக்க முடியவில்லை.

திரும்பி ஓடினாள். வாட்ச்மேன் ஏதோ கேட்டார். கேட்டைத் தாண்டினாள். சாலையைக் கடந்தாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. குமுதா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக நின்றாள்.

"நான் போதும்னு சொல்லலைங்க."

குமுதா புரியாமல் பார்த்தாள்.

"நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னாரு. நாளைக்கு வெச்சுக்கலாமான்னு கேட்டாரு. நான்தான்... இன்னும் ஒண்ணுன்னு சொன்னேன்."

குமுதா பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

அரக்கோணம் பஸ் வந்தது. புழுதி அடங்குவதற்குள் கண்டக்டர் படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏறும்மா. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும்."

குமுதா ஏறவில்லை.

பஸ் போய்விட்டது.