முட்டை போடாத பாட்டில்

பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள் பட்டு. மழைக்காலத்து ஏரித் தண்ணீர் மாதிரி கலங்கிப்போயிருந்தது.

அவள் முகம் மலர்ந்தது.

"முட்டை போடலைன்னு பார்த்தாலே தெரியறது."

"போடலை மாமி," என்றார் லாசரஸ். ரிட்டயரான ரயில்வே கார்டு. தாம்பரத்தில் கிறிஸ்துமஸ் ஒயினுக்குப் பேர்போன கை. "வெள்ளைக்கருவை அடிச்சு ஊத்தியிருந்தா கசடெல்லாம் அடியில உக்காந்து, மேல கண்ணாடி மாதிரி நின்னிருக்கும். இது நான் போட்டதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லாமல் இருப்பதற்கு வழியில்லை. ஆடி ஞாயிற்றுக்கிழமை காலை, பீர்க்கன்கரணை ஏரிக்கரை முனீஸ்வரன் கோயில் வாசல். பாதி காலனி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பாட்டில் முனீஸ்வரனுக்கு.

பட்டுவின் கணவர் ஸ்ரீரங்கன் குடிப்பார். பாரிமுனையில் ஆபீஸ் விட்டதும் பிராந்தி, பிறகு வாய் நிறைய ஏலக்காய், பிறகு மின்சார ரயில். அவர் வாசற்படி ஏறும்போதே, ஏலக்காய் வாசனையை வைத்து எத்தனை ரவுண்டு என்று பட்டு சொல்லிவிடுவாள்.

வருஷக்கணக்கில் பெருமாளிடம் முறையிட்டுப் பார்த்தாள். பெருமாள் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

போன தை மாதம், பால்காரி செல்லியம்மாள் பேச்சைக் கேட்டு, முனீஸ்வரன் முன்னால் வந்து நின்றாள். இவர் குடியை விட்டால் உனக்கு ஒரு பாட்டில் என்றாள்.

அடுத்த வாரமே விட்டுவிட்டார். கல்லீரல் தாங்காது, இனி தொட்டால் ஆளே இருக்கமாட்டீர் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டரை அப்படிச் சொல்ல வைத்தது யார் என்பதில் பட்டுவுக்குச் சந்தேகமே இல்லை.

பாக்கி வைக்கக்கூடிய சாமி இல்லை முனீஸ்வரன். பாட்டில் வராவிட்டால், எடுத்த பழக்கத்தை வீட்டுக்கே கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சிக்கல் என்னவென்றால், போன வருஷக் கும்பாபிஷேகத்தோடு முனீஸ்வரன் சைவம் ஆகிவிட்டிருந்தார். ஆடு கிடையாது, கோழி கிடையாது, சாராயம் கிடையவே கிடையாது. சைவமாக்கியவர் கோயில் கமிட்டிச் செயலாளர். அந்தச் செயலாளர் ஸ்ரீரங்கன். தென்கலை வைஷ்ணவர்.

பயந்துகொண்டேதான் அவரிடம் வேண்டுதலைச் சொன்னாள். கத்துவார் என்று நினைத்தாள்.

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு நாள் கழித்து, திராட்சை ஒரு பழம், பழத்திலிருந்து வருவது சைவம், முட்டை மட்டும் சேரக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

கமிட்டியைக் கூட்டினார். "இன்னா சார், சாமிக்கு ஜூஸு குடுக்கச் சொல்றியா" என்று கேட்ட ஊர்க்காரர் சம்பந்தத்தைச் சமாதானப்படுத்தினார். முகம் சுளித்த காலனிக்காரர்களுக்கு, சைவத்தில் ஒயினும் உண்டு என்று வகுப்பே எடுத்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சித்திரையில் பன்னீர் திராட்சை மலிந்ததும் தானே கூடை கூடையாக வாங்கி லாசரஸ் வீட்டில் இறக்கினார். வாரம் தவறாமல் தாம்பரம் போய், பீங்கான் ஜாடியில் முட்டை எதுவும் விழுந்துவிடவில்லையே என்று பார்த்துவிட்டு வந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து, அவளுடைய ஒரு காரியத்துக்காக அவர் இப்படி அலைந்ததில்லை. தங்கமான மனுஷன், பிராந்திதான் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது என்று பட்டு சமையலறையில் தனியாக அழுதாள். சந்தோஷத்தில்தான்.

பூசாரி பொன்னுரங்கம் கற்பூரம் காட்டினார். பாட்டிலைத் திறந்து, பாதியை முனீஸ்வரன் காலடியில் ஊற்றினார். மண் குடித்துவிட்டது.

மிச்சத்தோடு திரும்பினார்.

"வேண்டிக்கினவங்க வூட்டுல யாருனா ஒருத்தர் இத்த இங்கியே குடிச்சு முடிக்கணும்மா. வூட்டுக்கும் எடுத்துக்கினு போவக் கூடாது, கீழயும் ஊத்தக் கூடாது. இன்னா சார், மாமியாண்ட நீங்க சொல்லலையா? கமிட்டி கூட்றதுக்கு முன்னாடியே என்னாண்ட வந்து இத்தத்தானே கேட்டுக்கினு போனீங்க."

பட்டு மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்ரீரங்கன் ஏற்கெனவே முன்வரிசைக்கு வந்திருந்தார். முகத்தில் பக்தி. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு வெள்ளி டம்ளரை எடுத்தார். அவர்கள் வீட்டு டம்ளர்தான். பீரோவுக்குள் பூட்டி வைத்திருப்பது.

"பிரசாதம், பட்டு," என்றார். "வேண்டாம்னு சொல்லப்படாது."

கூட்டம் தலையை ஆட்டியது. பிரசாதத்தை யார் வேண்டாம் என்பார்கள்.

டம்ளரோடு பூசாரியின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

பட்டு அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். பொன்னுரங்கத்தின் முன்னால் நீட்டினாள்.

"ஊத்துங்கோ."

"ஏய், நீ போய் எப்படி..."

"வேண்டிண்டது நான்."

பொன்னுரங்கம் ஸ்ரீரங்கனைப் பார்த்தார். முனீஸ்வரனைப் பார்த்தார். ஊற்றினார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, டம்ளர் உதட்டில் படாமல், கஷாயத்தைப் போல அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள் பட்டு. கண்ணில் நீர் வந்தது. மறுபடி நீட்டினாள். இந்த முறை மூக்கைப் பிடிக்கவில்லை. மூன்றாவது டம்ளரோடு பாட்டில் தீர்ந்தது. அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். சொட்டு இல்லை.

ஸ்ரீரங்கன் வெறும் கையை என்ன செய்வதென்று தெரியாமல், கூப்பி வைத்துக்கொண்டார்.

பட்டு புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு லாசரஸ் பக்கம் திரும்பினாள். கால் ஒருமுறை தள்ளாடியது. குரல் தள்ளாடவில்லை.

"அடுத்த ஆடிக்கு ரெண்டு பாட்டிலாப் போட்டு வைங்கோ, சார். இவர் விடவேண்டியதுல சிகரெட்டும் இருக்கு."