மூன்று விரல்

தாரகா மேடையில் ஏறியதும் ஸ்டொப்வோச்சை அமுக்கினேன்.

ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். பிறகு மணி. மணி அடித்தால் அரைச் சொல்லோடும் வாயை மூட வேண்டும். போன வருடம் நேரத்துக்காக இரண்டு தாய்மார் அடிபடாத குறை. அதற்குப் பிறகு நான் போட்ட சட்டம் இது.

லிட்கம் மண்டபத்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் விவாதப் போட்டி. துப்பாக்கிச் சட்டம் இருக்கிறதே போதுமா, இன்னும் இறுக வேண்டுமா?

விவாதம் என்பது சும்மா பேச்சுக்கு. எழுதுவது தாய்மார். பிள்ளைகள் பாடமாக்கி ஒப்பிப்பார்கள். தாளின் பிரதி முன்கூட்டியே என் மேசைக்கு வரும். நான் ஒன்றையும் வாசிப்பதில்லை.

கவினேஷ் அமெரிக்காவைக் கிழித்தான். நிவேதிகா, இந்த நாட்டில் தொண்ணூற்றாறிலேயே சட்டம் வந்து, அரசாங்கமே துவக்குகளை வாங்கி உருக்கியாயிற்று, இனி என்ன வேண்டும் என்று கேட்டாள்.

முன்வரிசையில் தாரகாவின் அப்பா கிருபானந்தன் அண்ணை வீடியோ எடுத்தார். கமராவில் நேரம் ஓடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நிமிடமானதும் எனக்கு மூன்று விரல் காட்டினார். உதவியான மனிசன். இரண்டாவது பிள்ளையோடு நான் ஸ்டொப்வோச்சைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

கடைசியாக ஏறிய தாரகா நாடுகளைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வீட்டைப் பற்றிப் பேசினாள்.

அந்த வீட்டு அப்பா சுடுகிற கிளப்பில் சேர்ந்தாராம். லைசென்ஸ் எடுத்தாராம். கராஜ் சுவரில் இரும்புப் பெட்டி பொருத்தினாராம். பொலிஸ் வந்து பெட்டியை ஆட்டிப் பார்த்தது, பூட்டைப் பார்த்தது, எல்லாம் சரியென்று எழுதிக்கொண்டு போனது. அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தா. அம்மாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டிருந்தால்..." என்றாள் தாரகா.

மூன்று விரல். மணியை அடித்தேன், ஸ்டொப்வோச்சையும் நிறுத்தினேன்.

அவள் அதே இடத்தில் வாயை மூடினாள். கை கூப்பி, நன்றி வணக்கம் சொல்லி இறங்கினாள். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. சொல்வழி கேட்கிற பிள்ளை.

குசினி வாசலில் அவளுடைய அம்மா சிவனேஸ்வரி அக்கா ரோல்ஸ் தட்டோடு நின்றா. கைதட்டவில்லை. கையில் தட்டு இருப்பதால் என்று நினைத்தேன்.

பரிசு கொடுத்து, கதிரைகளை அடுக்கிய பிறகுதான் மேசையிலிருந்த ஸ்டொப்வோச்சையும் தாள்களையும் பொறுக்கினேன். தாரகாவின் தாள் மேலே கிடந்தது. மகள் வாசிப்பதற்காக, சிவனேஸ்வரி அக்கா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தா. மேடையில் வராத வரிகள் கடைசியில் மிச்சம் இருந்தன.

கேட்டிருந்தால் அந்த அம்மா சொல்லியிருப்பா. இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவா. அவ இந்த மண்டபத்தில்தான் நிற்கிறா. திரும்பி அந்த வீட்டுக்குப் போக அவவுக்குப் பயமாயிருக்கிறது.

வெளியே ஓடினேன். கார் புறப்பட்டிருந்தது. என்னைக் கண்டதும் கிருபானந்தன் அண்ணை வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"சரியான நேரத்துக்கு மணியடிச்சனீங்கள், ரீச்சர்."

பக்கத்தில் சிவனேஸ்வரி அக்கா நேரே பார்த்தபடி இருந்தா. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் எடுத்தவள், எவனையும் மூஞ்சிக்கு நேரே கேட்பவள் என்று பேரெடுத்தவள் நான். அவவை ஒன்றும் கேட்கவில்லை.

கார் வீதியில் திரும்பியது.

ஸ்டொப்வோச் இன்னும் என் கைக்குள் இருந்தது. மணியோடு நிறுத்திய இடத்திலேயே நின்றது.

இரண்டு நிமிடம், இருபது விநாடி.