புத்தகம் கொண்டுவந்த கட்சிக்காரர்

வழக்கறிஞர் ஜபருல்லா கோர்ட்டுக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் கூட்டாளி பழனியப்பன் மட்டும் இருந்தார். கட்சிக்காரர்களைப் பிடிப்பதற்காக, சொத்துச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கி ஜபருல்லா ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பினாங்குக் கடைகளில் அதை இலவசமாகக் கொடுத்தும் இதுவரை ஒருவரும் வரவில்லை.

அன்று முக்காடிட்ட ஒரு பெண் அந்தப் புத்தகத்துடன் வந்தாள்.

"மளிகைச் சாமானோட கடைக்காரர் குடுத்தாரு. வாப்பா வீட்டுல மகளுக்கும் பங்கு உண்டுன்னு போட்டிருக்கே, நெசமாண்ணே?"

பழனியப்பன் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. உங்க மார்க்கச் சட்டப்படி மகனுக்குக் கிடைக்கிறதுல பாதி உண்டு."

"கூடப்பொறந்த அண்ணன், எங்க காக்காவே பங்கு இல்லைங்கிறாரு. டத்தோ கிராமாட் ரோட்டுல இருக்குற வாப்பா வீட்ட அடுத்த வாரம் விக்கப் போறாரு."

"விட்டுடுவோமா? இந்தப் புத்தகத்த அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க. எந்த லாயரும் இதுக்குப் பதில் சொல்ல முடியாதுலா!"

வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. ஜபருல்லா உள்ளே நுழைந்தார்.

அவள் எழுந்து புத்தகத்தை நீட்டினாள். "பதில் சொல்லுங்க, காக்கா."

ஜபருல்லா திகைத்தார். "மைமூன், வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல மூணு வருஷமாப் பேசியாச்சு. நீங்க எழுதினது பொய்யா?"

 பழனியப்பன் பேனாவை எடுத்து ஜபருல்லாவிடம் நீட்டினார்.

"பொய்யின்னா வாசல் போர்ட இறக்கிரலாம், பாய்."

ஜபருல்லா தங்கையின் பங்கை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். மைமூன் அதை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் திரும்பினாள்.

"இன்னும் பத்துப் புத்தகம் குடுங்க, காக்கா. எங்க தெருப் பொம்பளைங்க கேட்டாங்க. எல்லாரையும் இங்கயே அனுப்புறேன்!"