ஜன்னல் திரைச் சட்டை

“இது எங்க வீட்டு ஜன்னல் திரை, சிஸ்டர்.”

நர்ஸ் அந்த ஜெராக்ஸ் கடைக்காரியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டியது ரத்தம் தோய்ந்த ஒரு சட்டை. மஞ்சள் துணி, நெஞ்சுப் பக்கம் நீல நூலில் தைத்த ஒரு மீன்கொத்தி.

“திரையை வெட்டித்தான் எம்பொண்ணு இந்தச் சட்டையைத் தைச்சா. பறவையும் அவ போட்டதுதான். ஐயோ, எம்பொண்ணுதான் சிஸ்டர்!”

தையல் வகுப்பு விட்டு வந்த ஒரு பெண்ணை லாரி அடித்துவிட்டது, பறவை போட்ட மஞ்சள் சட்டை என்று கடைக்கு வந்த யாரோ சொன்னதுதான் தாமதம், கடைக்காரி ஓடிக்கொண்டிருந்த மெஷினைக்கூட நிறுத்தாமல் ஓடி வந்திருந்தாள். வழியெல்லாம் மகளுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அது அணைந்து கிடந்தது.

“தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். பெத்தவங்க கையெழுத்து வேணும்மா.”

“முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துக்கிறேனே.”

“முகமெல்லாம் கட்டு. தியேட்டருக்குள்ள கொண்டு போயாச்சு. நேரமில்ல, போடுங்க.”

பேனாவைக் கையில் வாங்கினாள். போன வாரம் இதே கையால்தான் மகளின் முதுகில் ஓர் அறை வைத்திருந்தாள். “ஒரு சட்டைக்கு ரெண்டு திரையுமாடி கேக்குது? நீ உருப்படவே மாட்டே!” என்று கத்திய வாயை இப்போது எதைக் கொண்டு கழுவுவது? மகள் முதுகைத் தடவிக்கொண்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

அந்தத் தையல் வகுப்பு என்றால் மகளுக்குப் பைத்தியம். வீட்டில் கிடக்கிற பழைய துணியைக் கொண்டு வா, நீயே வெட்டு, நீயே தை, நீயே பூப்போடு என்று பிள்ளைகளின் கையில் கத்தரியைக் கொடுத்துவிடுகிற வகுப்பு அது. வீட்டுக்கு வந்தால் மட்டும் ஒரே புலம்பல்.

“டீச்சர் பொண்ணு பக்கத்துல உட்காரவே முடியலம்மா. அவ நூலை இழுக்கிறப்பல்லாம் முழங்கையால என்னை இடிக்கிறா.” சரி, இடம் மாறி உட்காரேன் என்றால், “ஐயோ, அவ என் உயிர் சிநேகிதியாச்சே” என்பாள்.

டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, தோள் துணியில் நூலோடு ஊசி குத்தியிருந்தது. இவள் போனில் கதறியதைக் கேட்டு, போட்டது போட்டபடி வந்திருக்கிறார்.

“பதறாதீங்கக்கா, நான் இருக்கேன். உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. முதல்ல கையெழுத்தைப் போடுங்க.”

நர்ஸ் சட்டையை டீச்சர் கையில் திணித்துவிட்டு, காகிதத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். கடைக்காரி பேனாவைக் காகிதத்தில் ஊன்றினாள்.

டீச்சருக்கு ஒரு பழக்கம். எந்தத் தையல் கைக்கு வந்தாலும் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். முன்பக்கம் எல்லோரும் அழகாகத்தான் தைப்பார்கள், தைத்த ஆளைக் காட்டிக்கொடுப்பது பின்பக்கம்தான் என்று வகுப்பில் ஓயாமல் சொல்வார். இப்போதும் கை தானாகத் திருப்பியது.

“அக்கா, போடாதீங்க.”

முதல் எழுத்து பாதியில் நின்றது.

“இது உங்க பொண்ணு தைச்சது இல்ல.” டீச்சர் உட்புறத்து நூலை விரலால் தடவினார். “நூலெல்லாம் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு. இது இடது கையால தைச்சது.”

“எம்பொண்ணு சோத்துக்கையாலதான தைப்பா! ஆனா துணி எங்க வீட்டுதாச்சே. ஆறுதலுக்குச் சொல்லாதீங்க டீச்சர், தாங்க மாட்டேன்!”

பெஞ்சில் உட்காரப் போன டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரியின் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி.

“எங்கக்கா போயிட்டே? உன் மக சாவி இல்லாம வாசல்ல நிக்கிறா. அவ போன்ல சார்ஜ் இல்லையாம். இந்தா, பேசு.”

“அம்மா, பசிக்குதும்மா. எங்க இருக்கே?”

போன உயிர் திரும்பி வந்தது. அவள் அழுதாள், சிரித்தாள், நர்ஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு திரை! இப்பதான் புரியுது. இன்னொண்ணை யாருக்கோ தூக்கிக் குடுத்திருக்கா! எம்பொண்ணு இல்ல டீச்சர், இது எவளோ ஒருத்தி!”

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“உள்ள டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு. கையெழுத்துக்கு நான் இப்ப யாரைப் போய்த் தேடுவேன்?”

சட்டையை மடியில் வைத்தபடி, டீச்சர் தரையிலிருந்தே கையை நீட்டினார்.

“இங்க குடுங்க சிஸ்டர், நான்தான் பெத்தவ.”