குண்டுக்கரிச்சானின் சீழ்க்கை

சீழ்க்கைச் சத்தம் கேட்டதும் தையல்காரியின் கை மெஷின் சக்கரத்தின் மேல் அப்படியே நின்றது.

இரண்டு குட்டை, ஒரு நீளம். நீளம் கடைசியில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும்.

தெரியாமல் இருக்குமா? மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவள் புருஷன் அடிக்கும் சீழ்க்கை அது. நீளம் இறங்கி முடிவதற்குள் கதவு திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்குத் தொலைந்தாள்.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியேறி ஐந்து வருஷம். இது நான்காவது வீடு. அவனுடைய போட்டோ ஒன்றுகூட அவள் வைத்துக்கொள்ளவில்லை. மகளுக்கு அவன் முகமே தெரியாது.

இங்கே வந்த நாளிலிருந்து மெஷின் சன்னல் ஓரம்தான். தைக்கிற நேரமெல்லாம் ஒரு கண் தெருவில் இருக்கும். எவன் நிற்கிறான், எவன் அண்ணாந்து பார்க்கிறான்.

"அப்படி என்னதாம்மா பாக்குற?" என்று மகள் கேட்டபோது, வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள்.

"குருவி பாக்குறேன் கண்ணு."

மகள் அன்றே ஒரு நோட்டைக் கொண்டுவந்து, பார்த்த குருவிகளின் பேரை எழுதச் சொல்லி நீட்டிவிட்டாள். பொய் சொன்ன பாவத்துக்கு நூலகத்தில் புத்தகம் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. தேன்சிட்டு, சின்னான், மைனா. இலையை இலையோடு சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டுக்கு நேரே, 'அம்மாவுக்குச் சொந்தம்' என்று மகளே எழுதினாள். போகப் போக அவளுக்கும் பிடித்துப்போனது. சில காலைகளில் தெருவைப் பார்க்கவே மறந்தாள்.

மறுபடி சீழ்க்கை.

நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தவழ்ந்து போய், திரைச்சீலையை விரல் அகலம் விலக்கினாள்.

தெருவில் ஆள் இல்லை.

சத்தம் மேலிருந்து வந்தது. எதிர்வீட்டு ஆன்டெனாவில் கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, விறைத்து நிமிர்ந்த வால். தொண்டை புடைத்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

குண்டுக்கரிச்சான்! கேட்டதையெல்லாம் திருடிப் பாடும் திருட்டுப் பயல் என்று புத்தகத்தில் படித்ததுதானே.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எவனோ அடித்ததை எங்கோ கேட்டிருக்கிறது. உலகத்தில் அவன் ஒருவன்தான் சீழ்க்கை அடிக்கிறானா?

ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டியபடி மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"கேட்டியா கண்ணு? மனுஷன் மாதிரியே அடிக்குது!"

"முந்தி இதுக்கு முழுசா வராதும்மா. கீழ நின்னு ஒரு மாமாதான் சொல்லிக் குடுத்தாரு."

திரைச்சீலை அவள் விரலிலிருந்து நழுவியது.

"எப்ப?"

"தினமுந்தான்," என்றாள் மகள், அடுத்த சாக்ஸைத் தேடிக்கொண்டே. "நீ குளிக்கப் போனதும் வருவாரு."