படியில் ஒரு கால்

முதல் பஸ் ஐந்து இருபதுக்கு. அவள் தெருமுனைக்கு வந்தபோதே, சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் அது நின்று உறுமிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுப் பை முழங்காலில் இடிக்க, சாலையைக் கடந்து அடித்துப் பிடித்து ஓடினாள். ஓடி வந்தவள் ஏறவில்லை. இடது காலைப் படியில் வைத்தாள். வலது காலைத் தரையில் ஊன்றினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

இது அண்ணி கண்டுபிடித்த வித்தை.

ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நிற்கிற பெண்ணை இழுத்துக்கொண்டு எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். இருவரில் யார் முதலில் வந்தாலும் காலை வைக்க வேண்டும். மற்றவள் வந்து சேரும்வரை எடுக்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

யார் முதலில் வந்தாலும் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு. எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அண்ணி முதலில் வந்ததில்லை.

ஒரே வீடு, ஒரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம், ஒரே ஷிப்ட். ஆனாலும் சேர்ந்து கிளம்ப முடியாது. அண்ணிக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். காஸை மூடினோமா என்று ஒரு தடவை உள்ளே போவாள். குழந்தை போர்வையை உதைத்துவிட்டதா என்று இன்னொரு தடவை. அப்புறம், செருப்புப் போட்டுக்கொண்டு ஓட வராது என்று இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். பஸ்ஸே சிரிக்கும்.

இன்றைக்கு டிரைவர் புதியவர். பழையவர் நேற்றோடு ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இந்த நிறுத்தத்தில் ஹாரன் அடிக்கவே மாட்டார். அவள் காலை வைத்ததும் எஞ்சினை அணைப்பார். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல், நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார்.

புதியவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார்.

"ஏறுறதுன்னா ஏறுங்கம்மா. இல்லேன்னா காலை எடுங்க."

"ஒரு நிமிஷம்ண்ணே. அண்ணி வரணும்."

உள்ளே இருந்தவர்கள் தினமும் வருகிறவர்கள்தான். ஒருவர்கூட உச்சுக் கொட்டவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் மட்டும் தன் பக்கத்து சீட்டில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் செல்போனைப் பார்த்தார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பி சில்லென்றிருந்தது.

இன்றோடு ஒரு வருஷம்.

அன்றும் இப்படித்தான் நின்றாள். இன்னொரு நாள் தாமதமாக வந்தால் இரண்டு பேருக்கும் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். ஒரு நிமிஷம் நின்றாள். இரண்டு நிமிஷம் நின்றாள். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் பஸ்ஸை விட்டால்தான் இவளுக்குப் புத்தி வரும் என்று நினைத்தாள். தரையிலிருந்த காலை எடுத்து மேலே வைத்தாள்.

போகலாம் என்று அவள்தான் சொன்னாள்.

பஸ் நகர்வதைப் பார்த்து அண்ணி சாலையின் குறுக்கே ஓடி வந்திருக்கிறாள். லாரியைப் பார்க்கவில்லை. செருப்புகளில் ஒன்று சாலையில் கிடந்தது. இன்னொன்றை அண்ணியின் விரல்களிலிருந்து கடைசிவரை யாராலும் எடுக்க முடியவில்லை. அது அவளோடேயே போயிற்று.

காலை எடுத்த கதையை அண்ணனிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. அவள் எடுத்ததைக் கண்ணாடியில் பார்த்தவர் பழைய டிரைவர் ஒருவர்தான். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. தினம் ஒரு நிமிஷம் எஞ்சினை அணைத்துவிட்டு அவளோடு சேர்ந்து அவரும் காத்திருந்தார், அவ்வளவுதான்.

அவரும் போய்விட்டார். வருஷமும் முடிந்துவிட்டது. செத்தவளுக்காக பஸ்ஸை நிறுத்திவைக்கிற பைத்தியக்காரத்தனம் இனி போதும் என்று ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் அவள் விடிவதற்கு முன்பே கிளம்பி வந்திருந்தாள். இந்தப் புது மனிதருக்கு ஒன்றும் தெரியாது. இவரிடமிருந்து புதிதாக ஆரம்பித்துவிடலாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். படியில் வைத்தாள். ஒரு வருஷத்தில் முதல் முறையாக அதைச் சொன்னாள்.

"போலாம்ண்ணே."

பஸ் நகரவில்லை.

புதிய டிரைவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த கடுப்பு போய்விட்டிருந்தது.

"இருங்கம்மா. பாவம், ஒத்தச் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படி ஓடி வர்றாங்க. விட்டுட்டுப் போகச் சொல்றீங்களே?"

பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளும் பார்க்கவில்லை. வலது காலை மெல்ல இறக்கி மறுபடி தரையில் ஊன்றினாள்.