ஒழுகாத குழாய்

நகராட்சிக் குழாய்க்காரர் ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக தனியாக வசிக்கும் ஒரு அம்மாளின் வீட்டுக் குழாயைத் திருகிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"எங்க ஒழுகுதுக்கா?"

"காலையில ஒழுகுச்சு தம்பி. உட்காரு, டீ குடி."

அவருக்குத் தலை சுற்றியது. இந்தப் புகார் தீராவிட்டால் சூப்பர்வைசர் வேலையை விட்டே தூக்கிவிடுவார். இந்த அம்மாளோ குழாய்ப் பக்கம் திரும்பாமல், "ராத்திரி தூங்கினியா? சாப்பிட்டியா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், தனியாக இருந்து இருந்து மனசு குழம்பிவிட்டது போல.

"தப்பா நினைக்காதீங்கக்கா. மனநல ஆஸ்பத்திரிக்கு எப்பவாவது போயிருக்கீங்களா?"

"தினமும் போனேன், நர்ஸ் வேலைக்கு. இப்ப ரிட்டயர் ஆயிட்டேன்."

குழாய்க்காரர் மறுபடியும் குழாயைத் திருகிப் பார்த்தார்.

"குழாய்க்கு ஒண்ணும் இல்ல தம்பி. உன்னை அனுப்பறேன், உன்கிட்ட கொஞ்சம் பேசுங்கன்னு உங்க சூப்பர்வைசர்தான் கேட்டுக்கிட்டார். சாக்கடைக் குழியில உன் கூட்டாளி செத்ததுல இருந்து நீ யார்கிட்டயும் வாய் திறக்கறதில்லையாமே."

"அப்படிப் பேசறதுக்குன்னே ஆபீஸ்ல ஒரு ஆள் போடறதாச் சொன்னாங்களே?"

"போடணும், அது அரசாங்கத்தோட பொறுப்பு. உங்க சூப்பர்வைசரும் மேலிடத்துல கேட்டுக்கிட்டேதான் இருக்கார். அதுவரைக்கும் நீ என்ன பண்ணுவே?"

அவர் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு கதவுவரை போனார். செருப்பில் ஒரு காலை நுழைத்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் குழியில இறங்க வேண்டியவன் நான்தான்க்கா."